பச்சைச் சீட்டு, மஞ்சள் சீட்டு

ஆம்பூர்
18-9-1960

அன்புள்ள தங்கச்சி பூரணிக்கு, அக்கா சகீனா சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். என் பிள்ளை ஷபீயும் நலம். வேலூர் ஆஸ்பத்திரியை விட்டு வந்து பத்து நாளாகியும் ஒரு வரி எழுதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். எழுத உட்காருவேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். முனிசிபல் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த தமிழ்தான். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காமல் படியுங்கள். இல்லை, சிரியுங்கள். மூன்று வாரம் பக்கத்துக் கட்டிலில் உங்கள் சிரிப்பைக் கேட்டுப் பழகிவிட்டு, இங்கே வீடு வெறிச்சென்று இருக்கிறது.

கிளம்பும் அன்றைக்கு நீங்கள் செய்ததற்கு நான் ஒழுங்காக நன்றி சொல்லவே இல்லை. டாக்டரம்மா சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இந்த மூட்டுக் காய்ச்சல் ஒரு முறை வந்த பிள்ளைக்கு மறுபடியும் வரக்கூடும். மூட்டு வீக்கம் வடிந்துவிடும், ஆனால் ஒவ்வொரு முறையும் இருதயத்தில் ஒரு தழும்பைப் போட்டுவிட்டுப் போகும். திரும்ப வராமல் தடுக்க இரண்டு வழி. தினம் இருவேளை மாத்திரை, அல்லது நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. இரண்டில் எது மேல் என்று நிச்சயமாகத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் சீட்டுப் போடுகிறோம் என்றார். எனக்கு உறையைப் பிரித்ததும் பச்சைச் சீட்டு வந்தது. பச்சை என்றால் ஊசி. உங்களுக்கு மஞ்சள், மாத்திரை.

பச்சையைப் பார்த்ததும் ஷபீ வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு கத்தினானே, அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. போன வருஷம் அவனை நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். அதிலிருந்து ஊசி என்ற பேச்சு வந்தாலே வாந்தி எடுக்கிறான். நானும் பர்காவுக்குள் அழுதுகொண்டு நின்றேன். நீங்கள் வந்து, "இன்னாக்கா, இதுக்குப் போயி அழுவுறீங்க? இத்தக் குடுங்க இப்படி" என்று என் கையிலிருந்த பச்சையைப் பிடுங்கிக்கொண்டு மஞ்சளைத் திணித்தீர்கள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஜன்னலில் இருந்த குமாஸ்தா தானியேல் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதிவிட்டார். வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

உங்கள் மகள் விஜயகுமாரி என் பிள்ளைக்காக மாதா மாதம் குத்திக்கொள்கிறாள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு அனுப்பியிருக்கிறேன். இவர் வேலை செய்கிற தோல் பதனிடும் ஷாப்புக்குப் பக்கத்தில் தைத்தது. கட்டிலடியில் கிடந்த பழைய செருப்பைப் பார்த்த ஞாபகத்தில் அளவு சொன்னேன். சரியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
சகீனா


குடியாத்தம்
9-10-1960

சகீனாக்காவுக்கு பூரணி வணக்கம்.

செருப்பு வந்தது. ஒரு விரற்கடை பெரிசு. விஜயா அதைக் கழற்றவே மாட்டேன் என்று பாயிலும் போட்டுக்கொண்டு படுக்கிறாள். அவள் அப்பா, "ஆம்பூர் செருப்பு போட்டுக்கினு ராத்திரியில எங்கடி போவப் போற?" என்று கேட்டார். கனவில் நடப்பதற்காம்.

உங்கள் கடிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் நன்றி. இத்தனை நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது? நான் ஒன்றும் உங்களுக்காக நெருப்பில் குதிக்கவில்லை. தினம் இருவேளை மாத்திரை என்றால் என் வீட்டில் வேலைக்கே ஆகாது. நாலு தறி ஓடுகிற சத்தத்தில் நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதே எனக்கு மறந்துபோகிறது. ஊசி என்றால் மாதத்தில் ஒரு நாள் பேஜார், மீதி நாள் நிம்மதி. அதனால் பாதிப் புண்ணியம்தான் எனக்கு. மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊசி ஊசிதான், அதைப் பொய் சொல்ல மாட்டேன். மருந்து கெட்டி, ஊசி தடிமன். போட்டுக்கொண்டு வந்த அன்று பஸ்ஸில் இவள் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து வந்தாள். பள்ளிகொண்டா வரைக்கும் என்னோடு பேசவில்லை. அங்கே முறுக்கு வாங்கிக் கொடுத்த பிறகுதான் என்னை அம்மா என்றாள்.

ஒரு விஷயம். வரிசையில் நிற்கும்போது தானியேல் எல்லோரையும் பார்த்து, "சீட்டுல வந்தபடிதானே வாங்கிக்கிறீங்க? யாரும் மாத்திக்கலியே?" என்று கேட்டார். நான் கோயில் சிலை மாதிரி நின்றேன். விஜயா வாயைத் திறக்கப் போனாள், தொடையில் ஒரு கிள்ளு. சொன்னால் இரண்டு பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வது? நமக்குள் இருக்கட்டும்.

இன்னொன்று. தங்கச்சி என்கிறீர்கள், அடுத்த வரியிலேயே நீங்கள் என்கிறீர்கள். நீ என்று எழுதினால் கை வலிக்குமா?

இவரிடம் சொல்லி உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கைலி எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் தறியில் இறங்கியது. சாயம் போனால் என்னைக் கேளுங்கள்.

பூரணி


ஆம்பூர்
26-3-1961

அன்புள்ள பூரணிக்கு சலாம்.

பெருநாள் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் அனுப்பிய கைலியை இவர் தொழுகைக்குக் கட்டிக்கொண்டு போனார். யார் கேட்டாலும் "குடியாத்தம், நம்ம தங்கச்சி வீட்டுத் தறி" என்று சொல்லிக்கொண்டார். இவர் அதிகம் பேசாதவர். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஷபீக்கு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. அரிசிப் பானையின் மூடிமேல் வைத்திருக்கிறேன். அரிசி எடுக்காமல் பொழுது போகாது, மாத்திரையைப் பார்க்காமல் அரிசி எடுக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரம்மா நெஞ்சில் வைத்துக் கேட்கிறார், நன்றாக இருக்கிறது என்கிறார். தெருப் பையன்களோடு ஓடுகிறான். அவன் ஓடுவதைப் பார்க்கிறபோதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்ன பாதியை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

எழுதலாமா வேண்டாமா என்று ஒன்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன். நாம் சீட்டு மாற்றியதை இவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர், "ஷாப்புல ரெண்டு மரப்பட்டையில எது நல்லா பதப்படுத்துதுன்னு பாக்கறதுக்கு ரெண்டு குழி போடுவோம். இந்தக் குழி தோலைத் தூக்கி அந்தக் குழியில போட்டுட்டா மேஸ்திரி எதை வச்சு சொல்லுவாரு?" என்று கேட்டார். அப்புறம் அந்தக் கைலியைத் தடவிக்கொண்டே, "அந்தம்மா மனசுல தப்பில்ல" என்றும் சொன்னார்.

அதிலிருந்து எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. டாக்டரம்மா என் பிள்ளையைத் தன் பிள்ளைபோலப் பார்க்கிறார். அவர் கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை. சொல்லிவிடலாமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

சகீனா


குடியாத்தம்
2-7-1961

அக்காவுக்கு வணக்கம்.

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. சித்திரையில் நூல் விலை ஏறி இவருக்குத் தலை சுற்றல், வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வீடு முழுக்க உறவு. இதெல்லாம் சாக்கு என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன குழிக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம், அது சரியாக இருந்ததுதான்.

எதையும் சொல்ல வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். விஜயா நன்றாக இருக்கிறாள். தொண்டை வலிகூட வரவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவாளே, அதுகூட நின்றுவிட்டது. எதற்காக ஓடுகிற தறியில் கல்லைப் போடுவது?

ஆனால் ஊசி நாளன்று உட்கார்ந்திருக்கும்போது என் கண் சும்மா இருப்பதில்லை. எங்கள் வரிசைப் பிள்ளைகள் மாதா மாதம் அதே முகங்கள்தான். அழுதுகொண்டு வருகிறார்கள், அழுதுகொண்டு போகிறார்கள், மறுமாதம் வருகிறார்கள். போன மாதம் மேலே வார்டுக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒடுகத்தூர்ப் பிள்ளை, மஞ்சள் சீட்டு. அதற்கு முந்தைய மாதம் இன்னொன்று, அதுவும் மஞ்சள். டாக்டரம்மாவிடம் கேட்டால் "இன்னும் எண்ணி முடிக்கல" என்கிறார்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. ஷபீக்கு ஊசிக்கே மாற்றிக் கேளுங்களேன். கத்தினால் கத்தட்டும். நான் வந்து பிடித்துக்கொள்கிறேன். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டு, என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. கேளுங்கள்.

பூரணி


வேலூர், குழந்தைகள் வார்டு
20-9-1961

அன்புள்ள பூரணிக்கு சலாம்.

கட்டிலோரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். ஷபீக்கு மறுபடியும் வந்துவிட்டது. போன மாதக் கடைசியில் தொண்டை வலி, பதினைந்து நாளில் முட்டி வீங்கி, தொடவிடவில்லை. இவர் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏற்றினார். டாக்டரம்மா நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். முன்னே இல்லாத ஒரு சத்தம் கேட்கிறது என்றார்.

மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது. ஒரு வேளையும் தவறவில்லை.

முதல் ஊசியை நாலு பேர் பிடித்துக்கொண்டு போட்டார்கள். இனி இவனுக்கும் நாலு வாரத்துக்கு ஒரு முறை ஊசிதான். திரும்ப வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் என்று முன்பே முடிவு செய்ததாம்.

உங்கள் ஆனி மாதக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கேட்டிருக்கலாம். இவனுடைய பயத்தைப் பார்த்துத் தள்ளிப்போட்டேன். நீங்கள் விஜயாவுக்கு ஊசி போட வரும்போது மேலே வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.

சகீனா


வேலூர்
14-10-1961

பூரணி,

முந்தாநாள் ஊசி நாள். காலையிலிருந்து மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். நீ வந்ததைப் பார்த்தேன். விஜயா நான் அனுப்பிய செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அளவு சரியாகிவிட்டது போலிருக்கிறது. ஊசி முடிந்து வெளியே வந்து, மாடியைப் பார்த்தாய். நான் கையைத் தூக்கினேன். நீ பிள்ளையை இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டாய்.

ஷபீயிடம் பூரணி சின்னம்மா வருவாங்க என்று சொல்லி வைத்திருந்தேன். பாதி ஆரஞ்சை விஜயாவுக்கு என்று எடுத்து வைத்திருந்தான். சாயந்திரம் அதைத் தின்னச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டான்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? நான் உன்னைக் குற்றம் சொல்வேன் என்றா? உனக்காக ஒரு வருஷமாக அல்லாஹ்விடம் துஆ கேட்ட வாய் இது. சீட்டுக்காக எனக்கு உன்மேல் ஒரு துளி கோபம் இல்லை. நீ மேலே வராமல் போனதற்குத்தான் கோபம், இந்த ஜென்மத்துக்கும் போதுமான கோபம். என் பிள்ளை தூணைக் கட்டிக்கொண்டு கத்தியபோது மூன்று வாரமே பழகிய பொம்பிளையிடம் ஓடி வந்தவள் நீ. இப்போது அவன் சத்தமில்லாமல் படுத்திருக்கிறான், நீ படி ஏறி வரவில்லை.

இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

சகீனா


குடியாத்தம்
22-10-1961

அக்காவுக்கு,

நீ என்று எழுதிவிட்டீர்கள். ஒரு வருஷமாகக் கேட்டது கோபத்தில் கிடைத்தது. எப்படிக் கிடைத்தாலும் சரி.

நீங்கள் கையைத் தூக்கியதைப் பார்த்தேன். படி ஏறக் கால் வரவில்லை. விஜயா துள்ளிக்கொண்டு வருகிறாள், உங்கள் பிள்ளை படுத்திருக்கிறான். அவளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டில் பக்கத்தில் எந்த முகத்தோடு வந்து நிற்பது? அன்றைக்கு அந்தப் பச்சைச் சீட்டைப் பிடுங்காமல் இருந்திருந்தால் என்று பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே நினைப்பு. இது உங்களுக்குச் சமாதானம் ஆகாது. எனக்கும் ஆகவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் தறியை நிறுத்திவிட்டு நானாக வேலூர் போனேன். ஜன்னலில் தானியேல், "இன்னிக்கு உங்க தேதி இல்லியேம்மா" என்றார். டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். போய் நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான்தான் பிடுங்கினேன், அந்தம்மா கேட்கவே இல்லை என்றும் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "உங்க ரெண்டு பேர் மட்டுமா? இல்ல வரிசையே மாத்திக்கிச்சா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அப்புறம்தான் கோபம் வந்தது அவருக்கு. சத்தம் போடாத கோபம். "பயந்த புள்ளைங்க, நோஞ்சான் புள்ளைங்க எல்லாம் ஒரு பக்கமா சேர்ந்துட்டா, அப்புறம் மருந்து தோத்துச்சா, புள்ளை தோத்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? யார் எந்தப் பக்கம்னு நான்கூட முடிவு பண்ணக் கூடாதுன்னுதானே உறையில போட்டு ஒட்டினோம்?" என்றார். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன குழிதான். பிள்ளைகளை வைத்துச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

வெளியே அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டேன். "கணக்குல இருந்து எடுத்துடுவேன். ஆஸ்பத்திரியில இருந்து எதுக்கு எடுக்கணும்? ரெண்டும் என் புள்ளைங்கதான். தேதி தவறாம வரணும்" என்றார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. "மாத்தாம இருந்தா அந்தப் பையனுக்குத் திரும்பி வந்திருக்காது இல்லியாம்மா?" என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "தெரியாதும்மா. ஊசி போட்டுக்கிற ஒரு புள்ளைக்கும் திரும்பி வந்திருக்கு. தெரியாததாலதான் சீட்டே போட்டோம். நல்லதுன்னு தெரிஞ்சு நீ அவன்கிட்ட இருந்து புடுங்கல. எல்லாரும் வேண்டாம்னு ஓடுற ஊசியைத்தானே புடுங்கின? அப்புறம் ஏன் அழற?" என்றார். நான் அழுகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வெளியே வந்ததும் தானியேல் வரிசையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். இன்னும் இரண்டு ஜோடி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஜோடி பஸ் தூரத்துக்காக, இன்னொன்று நாத்தனார்கள், ஒன்றாகவே வந்து போக வேண்டும் என்பதற்காக. நம் பெண்களுக்கு எதையும் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாது என்று டாக்டரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாராம். இனிமேல் பிள்ளையின் பெயரை உறைமேல் எழுதிவிட்டுத்தான் பிரிக்கப்போகிறார்கள்.

மேலே வார்டுக்கும் ஏறி வந்தேன், முந்தின நாளே உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நவம்பரில் ஷபீக்கும் விஜயாவுக்கும் ஒரே தேதியில் ஊசி போடச் சொல்லிக் கேட்டேன். சரி என்றுவிட்டார். அன்றைக்கு நான் வருவேன். நீங்கள் பேசாவிட்டாலும் வருவேன். பாதி ஆரஞ்சு இல்லை என்றாலும் வருவேன்.

பூரணி


ஆம்பூர்
3-12-1961

அன்புள்ள பூரணி,

நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஊசி அறை வாசலில் ஷபீ மறுபடியும் அதே தூணைக் கட்டிக்கொண்டான். நீ ஒன்றும் பேசாமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். விஜயா மகாராணி மாதிரி வந்து, "கால் கட்டைவிரலை ஆட்டிக்கினே இரு. ஊசி போறதே தெரியாது" என்றாள். "பொய்" என்றான் இவன். "பொய்தான். ஆனா கொஞ்சம் கம்மியாத் தெரியும்" என்றாள். அந்த உண்மையைக் கேட்டுத்தான் அவன் பிடி தளர்ந்தது. நீ அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தூணிலிருந்து பிரித்து உன் கைக்குள் வைத்துக்கொண்டாய். கத்தினான், ஆனால் உன் கையை விடவில்லை. உன் வளையல் உடைந்து ரத்தம் வந்ததை நீ முந்தானையில் மறைத்ததைப் பார்த்தேன்.

வாந்தி எடுக்கவில்லை. அதை எழுத மறந்துவிடப் போகிறேன். வாந்தி எடுக்கவில்லை!

நீ டாக்டரம்மாவிடம் போனதை இவரிடம் படித்துக் காட்டினேன். "நான் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பெட்டியில் வைத்திருந்த கைலியை எடுத்து அன்றைக்கே கட்டிக்கொண்டார்.

ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பேசி முடித்துவிடலாம். நீ என் பிள்ளையின் நல்லதை எடுத்துக்கொண்டதாக நினைக்கிறாய். அந்தப் பச்சைச் சீட்டு உன் கைக்கு வராமல் இருந்திருந்தால் விஜயா அந்தக் கட்டிலில் கிடந்திருக்கலாம். நான் ஓடுகிற ஷபீயைக் கூட்டிக்கொண்டு வந்து உன்னைப் பார்க்கப் பயந்திருப்பேன். அந்தப் பயம் உனக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அவள் ஓடியாடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியவில்லை, பூரணி. அல்லாஹ்மேல் ஆணையாகச் சொல்கிறேன், குளிர்கிறது. ரெண்டில் ஒன்றாவது நன்றாக இருக்கிறதே என்று.

இனி அந்தப் பேச்சை எடுத்தால் பிரியாணி கிடையாது.

சகீனா


குடியாத்தம்
17-2-1963

அக்காவுக்கு,

உங்கள் மாமியாருக்கு உடம்பு தேவலையா? நீங்கள் தேதி மாற்றிக்கொண்டதால் இந்த முறை வரிசையில் எனக்குப் பொழுதே போகவில்லை. ஆனால் வராமல் போன அன்றைக்குத்தான் பெரிய விஷயம் நடந்தது, அதனால் சுடச்சுட எழுதுகிறேன்.

டாக்டரம்மா பச்சை, மஞ்சள் எல்லாத் தாய்மாரையும் கூடத்தில் உட்கார வைத்தார். எண்ணி முடித்துவிட்டார்களாம். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளில் காய்ச்சல் திரும்பியது அபூர்வம். மாத்திரைக்காரர்களில் அதைவிட எவ்வளவோ ஜாஸ்தி. இனி எல்லாப் பிள்ளைக்கும் ஊசிதான், வேறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் இதை எழுதப்போகிறார்கள் என்றார்.

மஞ்சள் சீட்டுத் தாய்மார் சிலர் அழுதுவிட்டார்கள். ஒருத்தி எழுந்து, "எங்க புள்ளைங்கதானா கெடச்சுது?" என்று கேட்டாள். டாக்டரம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் முன்னால் கைகூப்பினார். "ஆமாம்மா. உங்க புள்ளைங்களாலயும், ஊசி வாங்கின புள்ளைங்களாலயும்தான் தெரிஞ்சுது. இனிமே பொறக்கப் போற எத்தனையோ புள்ளைங்க உங்களுக்குக் கடன்பட்டிருக்கு. நானும்தான்" என்றார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

நம் இரண்டு பேரும் அந்தக் கணக்கில் இல்லை. அது தெரிந்ததுதான், இருந்தாலும் கொஞ்சம் சுருக்கென்றது. ஊர்ப் பந்தியில் பரிமாறிவிட்டு நம் இலையை எடுத்துவிட்ட மாதிரி. போகும்போது டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீ அன்னிக்கு வந்து சொல்லலன்னா இந்தக் கணக்கை நான் நம்பியிருக்க முடியாது" என்றார். பிறகு, "ஷபீ நெஞ்சில அந்தச் சத்தம் இப்ப ரொம்பக் கம்மி. அவங்கம்மாகிட்ட நீயே எழுது" என்றார். அதற்காகத்தான் இந்தக் கடிதமே. கடைசியில் வைத்திருக்கிறேன், மேலே எல்லாவற்றையும் ஒழுங்காகப் படிக்கட்டும் என்று.

பூரணி


ஆம்பூர்
31-3-1963

அன்புள்ள பூரணி,

உன் கடிதத்தின் கடைசி வரியை இவர் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். வரும்போது முகம் கழுவியிருந்தது.

மாற்றிய தேதியில் ஷபீயைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். இப்போது தூணைப் பார்ப்பதுகூட இல்லை. தானே போய்ப் படுத்துக்கொள்கிறான், கட்டைவிரலை ஆட்டுகிறான். நர்ஸம்மா கேட்டால், "சும்மா, பழக்கம்" என்கிறான்.

அங்கே மறுபடியும் உறை பிரிக்கிறார்கள். இந்த முறை மூன்று வாரத்துக்கு ஒரு ஊசியா, நாலு வாரத்துக்கா, எது மேல் என்று பார்க்கவாம், ஷபீக்கு நாலு வாரச் சீட்டு வந்தது. பெயர் உறைமேலேயே எழுதியிருக்கிறது, நம் புண்ணியத்தில். திமிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சின்ன வயது, கையில் மூன்று வாரச் சீட்டு. அவள் பிள்ளை பெஞ்சுக்கு அடியில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. அவளுக்கு என்ன தோன்றிற்றோ, என்னிடம் வந்து, "அக்கா, உங்க புள்ள நாலு வாரம்தானே? தைரியமா இருக்கான். பேரை அடிச்சு எழுதிட்டு மாத்திக்கலாமா? உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள்.

என்னையே நான் பார்த்ததுபோல இருந்தது. அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ள என் கை தானாக நீண்டதைச் சொன்னால் சிரிப்பாய். இல்லை என்று சொல்ல எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உன் கை எப்படி நீண்டிருக்கும் என்று அப்போது முழுதாகப் புரிந்தது.

"மாத்தாதேம்மா. சீட்டு உன்கிட்டயே இருக்கட்டும். புள்ளையை நான் புடிச்சிக்கிறேன்" என்றேன்.

பர்காவைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்தேன். ஷபீயும் வந்து உட்கார்ந்தான். விஜயா சொன்ன பொய்யை அப்படியே சொன்னான், அவள் சொன்ன உண்மையையும் சொன்னான். அந்தப் பிள்ளை கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தது. நகம் நன்றாகவே பதிந்திருக்கிறது. உன் வளையல் காயத்துக்கு ஜோடி.

ஊசி முடிந்து வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னென்னவோ சொல்ல நினைத்தாள், ஒன்றும் வரவில்லை. என் பெயரைக் கேட்டாள். ஊர் கேட்டாள். பிறகு தானியேலிடம் பென்சில் வாங்கிவந்து, "உங்க வீட்டு அட்ரஸ் சொல்லுங்கக்கா, ஊருக்குப் போயி எழுதறேன்" என்றாள்.

சொன்னேன். பத்து நாளாகிறது, இன்னும் வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோகிறாளோ என்னவோ.

உன் அக்கா
சகீனா